ஜென்ம பாவம்: முடிவிலிருந்து முதலுக்குச் சென்ற சித்தாந்தம்

1. வினா

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வட ஆப்பிரிக்கக் கடற்கரையிலிருந்த ஹிப்போ நகரத்துத் தேவாலயத்துக்கு, பிறந்து சில தினங்களே ஆன ஒரு சிசுவை ஏந்தி வருகிறார்கள். குருவானவர் அதன் முகத்தில் வாயால் ஊதுகிறார். தீய ஆவி விலகிப் போகவேண்டும் என்று ஆணையிடும் மந்திர வாக்கியங்கள் சொல்லப்படுகின்றன. அறிவுள்ள பெரியவனிடம் கேட்கப்படும் அதே வினாக்கள் அந்தக் குழந்தையிடமும் கேட்கப்பட, ஏந்தி வந்தவர்களே அதற்காக விடை கூறுகிறார்கள்; அதன்பின் பாவமன்னிப்புக்கென்று திருச்சபை வகுத்த ஞானஸ்நானம் அதற்கு அளிக்கப்படுகிறது. பேச அறியாததும், நல்லது தீயது இன்னதென்று உணராததும், பால் வேண்டி அழுவதைத் தவிர வேறு தொழில் இல்லாததுமான இச்சிசு மன்னிப்புப் பெறவேண்டிய பாவந்தான் யாது?

கிறிஸ்தவ சமயத்தின் தலையாய கொள்கைகளுள் ஒன்றாக எண்ணப்படும் ஜென்ம பாவக் கோட்பாடு இந்த வினாவுக்குக் கிடைத்த விடை என்று கொள்வதற்கு வலுவான சான்றுகள் உண்டு. ஞானோபதேச நூல்கள் இதைச் சொல்லும் வரிசை வேறு: ஆதியிலே முதல் மனிதன் வீழ்ந்தான், அவன் வீழ்ச்சி அவன் சந்ததி முழுவதையும் பற்றிக்கொண்டது, அதனால் இரட்சகர் ஒருவர் வேண்டியதாயிற்று, அவர் வந்தார். நோயை முதலிற் கூறி மருந்தைப் பின்னர்க் கூறும் இவ்வரிசை கற்பிப்பதற்கு எளியது. ஆனால் கொள்கை தோன்றி வளர்ந்த வரலாறும் இதே வரிசையில்தான் நடந்ததா என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் கேள்வி. மருந்தை முன்னரே கைக்கொண்டவர்கள் அதன் வீரியத்தைக் கண்டு நோயின் ஆழத்தை அளந்தார்கள் என்பதும், அவ்வாறு பின்னோக்கிப் படித்தாலன்றி இச்சித்தாந்தத்தின் முக்கியத்துவம் விளங்காது என்பதும் எமது கருத்து.

2. வேதாகமம் சொல்வதும் சொல்லாததும்

ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரத்தை முன்கூட்டிய எண்ணம் ஏதுமின்றிப் படிப்பவன் ஒன்றைக் கண்டு வியப்பான். விலக்கப்பட்ட கனியை உண்டதும், உண்டவர்கள் நாணி மறைந்ததும், நிலமும் பிரசவமும் துன்பத்துக்குள்ளானதும், தோட்டத்தின் வாயில் அடைபட்டதும் அங்கே கூறப்பட்டிருக்க, ‘பாவம்’ என்னும் சொல் அவ்வதிகாரத்தில் ஓரிடத்திலும் இல்லை. அச்சொல் முதன்முதல் தோன்றுவது அடுத்த அதிகாரத்தில், காயீன் தன் தம்பியைக் கொல்லுமுன் அவனுக்குக் கிடைக்கும் எச்சரிக்கையிலேதான். ஆதாமின் குற்றம் அவன் வமிசத்துக்குப் பிதுரார்ஜிதமாக இறங்கிற்று என்று எபிரெய வேதம் எங்கும் வெளிப்படையாகப் போதிக்கவும் இல்லை. தகப்பன் செய்த அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்பதை எசேக்கியேல் தீர்க்கதரிசியின் பதினெட்டாம் அதிகாரம் நீதிமன்றத் தீர்ப்பைப்போல விரித்துரைக்கிறது. ஐம்பத்தோராம் சங்கீதத்திலே தான் பாவத்தில் உருவானதாகப் பாடுகிறவன் கூறுவது உண்மையே. எனினும் அது மனமுடைந்த ஒருவனின் பிரலாபமேயன்றி மனுக்குலத்தின் உற்பத்தி குறித்த இலக்கணமன்று.

கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்த பிறகு, அத்துயரத்தின் நிழலில் யூதர்களிடையே எழுந்த இரண்டு நூல்கள் இவ்விஷயத்தில் வெவ்வேறு திசை நோக்குகின்றன. நாலாம் எஸ்றா என்னும் நூல் ஆதாமை விளித்து, அவன் வீழ்ச்சி அவனோடு நில்லாமல் அவன் வழிவந்த அனைவர்மீதும் விழுந்ததே என்று அரற்றுகிறது. இரண்டாம் பாரூக்கு என்னும் நூலோ, ஒவ்வொருவனும் தன் ஆத்துமாவுக்குத் தானே ஆதாம் என்று முடிவு கட்டுகிறது. பிற்கால யூத குருமார் மனிதனுள் உள்ள தீய நாட்டத்தைப்பற்றி மிகுதியாகப் பேசினரெனினும், அதைப் பரம்பரைக் குற்றமாக்கவில்லை. ஒரே ஆதியாகமத்தை ஓதிய இரு சமுதாயங்களுள் ஒன்று ஜென்ம பாவத்தைக் கண்டது, மற்றொன்று காணவில்லை. ஆகவே கொள்கையின் ஊற்று அக்கதை மட்டுமாக இருத்தல் இயலாது.

வேற்றுமையை உண்டாக்கியவர் பவுல் அப்போஸ்தலர். ஏறக்குறைய 57ஆம் ஆண்டில் அவர் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் ஆதாமும் கிறிஸ்துவும் எதிரெதிரே நிறுத்தப்படுகிறார்கள்: ஒருவன் கீழ்ப்படியாமையால் வந்த கேடு, ஒருவர் கீழ்ப்படிதலால் வந்த நீதி. இங்கே பவுல் விளக்க முயல்வது எதை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு மனிதர் மரித்ததனால் எல்லா மனிதர்க்கும் ஜீவன் எவ்வாறு கிட்டும் என்பதே அவர்முன் நின்ற வினா. ஒருவனால் எல்லார்க்கும் சாவு வந்ததை அதற்கு உவமை காட்டுகிறார். கிறிஸ்துவை விளங்கவைக்க ஆதாம் வருகிறானேயன்றி, ஆதாமின் பொருட்டுக் கிறிஸ்து வருவதாக அந்த வாதம் அமையவில்லை. பவுலின் சிந்தனை பரிகாரத்திலிருந்து துன்பத்துக்குச் சென்றது என்று 1977இல் ஈ. பி. சாண்டர்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் எடுத்துரைத்தது, பின்வந்த நூற்றாண்டுகளின் வரலாற்றுக்கும் பொருந்துவதை இனிக் காண்போம்.

3. வழக்கம் முந்தியது, விளக்கம் பிந்தியது

குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் அளிக்கும் வழக்கம் அதற்குரிய காரணம் வரையறுக்கப்படுமுன்னரே பரவிவிட்டது. ஏறக்குறைய 200ஆம் ஆண்டில் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன், களங்கமற்ற பருவத்தினர் பாவமன்னிப்புக்கு ஏன் விரைந்தோட வேண்டும் என்று வினவி, சிறுவரின் ஞானஸ்நானத்தைத் தாமதிப்பதே நலம் என்றார். வழக்கம் இருந்தது, காரணம் தெளிவாகவில்லை என்பதற்கு அவர் கேள்வியே சாட்சி. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன், பாவமன்னிப்புக்குரிய சடங்கு சிசுக்களுக்கும் நடத்தப்படுவதானால் அவர்களிடத்தும் கழுவப்படவேண்டிய மாசு ஒன்று இருத்தல் வேண்டும் என்று சடங்கிலிருந்து நிலையை ஊகித்தார். சுமார் 253இல், யூதரின் விருத்தசேதனத்தைப்போல எட்டாம் நாள்வரை பொறுக்கலாகாதா என்று ஃபீதுஸ் என்னும் மேற்றிராணியார் கேட்டதற்கு, சிப்பிரியனும் அவரோடு கூடியிருந்த அறுபத்தாறு மேற்றிராணிமாரும் தாமதம் ஆகாது என்று மறுமொழி விடுத்தார்கள். பழைய மரணத்தின் தொற்றைப் பிறப்பிலேயே பெற்றதன்றிச் சிசு வேறு குற்றம் செய்யவில்லை. அதற்கு மன்னிக்கப்படுவன சொந்தப் பாவங்கள் அல்ல, பிறன் பாவங்களே என்பது அவர்கள் கூறிய காரணம். இந்தக் கடிதத்தை ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் ஹிப்போவின் அகுஸ்தீனார் ஓர் ஆவணத்தைப்போல எடுத்துக் காட்டுவார்.

கிழக்கு மரபைச் சேர்ந்த இரேனேயுஸ் போன்ற முற்காலப் பிதாக்கள் ஆதாமையும் ஏவாளையும் முதிர்ச்சி பெறாத குழந்தைகளாகவே எண்ணினர் என்பதும் நினைவிற்குரியது. அவர்கள் தவறு பெரியதுதான், ஆனால் அது வளர்ந்துகொண்டிருந்தவர்களின் தவறு. அங்கே மனிதன் வீழ்ச்சியிற் பெற்றது நோயும் சாவும்; குற்றப்பழியைப்பற்றிய பேச்சு அரிது. கிழக்குத் திருச்சபைகள் இன்றும் பெரும்பாலும் இந்நிலையிலேயே நிற்கின்றன.

4. கார்த்தேஜில் எழுந்த வழக்கு

ஆரேலியுஸ் அகுஸ்தீனார் 354இல் தகாஸ்தே என்னும் சிற்றூரிற் பிறந்து, நன்மையைப்போலத் தீமையும் அநாதி என்ற மானிக்கேயரின் வழியில் ஒன்பதாண்டு கேட்போராக நின்று, பின் மனந்திரும்பி ஹிப்போவின் மேற்றிராணியார் ஆனவர். அவருடைய ‘அறிக்கைகள்’ நூலில் வரும் ஒரு சிறு நிகழ்ச்சியைச் சற்று அருகிற் சென்று காண்பது தகும். பதினாறு வயதில், நள்ளிரவில், தோழர்களுடன் சென்று அயலாரின் பேரி மரத்தை உலுக்கினார். கனிகள் கண்ணுக்கும் அழகில்லை, நாவுக்கும் சுவையில்லை. அவர்கள் வீட்டிலேயே அவற்றினும் நல்ல கனிகள் இருந்தன. சுமை சுமையாகப் பறித்தவற்றுட் சிலவற்றைக் கடித்துவிட்டு மீதியைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். பசி காரணமன்று, பொருளாசை காரணமன்று. தகாததைச் செய்வதிலிருந்த இன்பமே காரணம் என்று கண்ட அவர், முதிர்ந்த வயதில் அந்தப் பேரி மரத்தடியில் நெடுநேரம் நின்று தம்மைத் தாமே விசாரிக்கிறார். காரணமில்லாத் தீமை என்னும் இப்புதிரே அவர் சித்தாந்தத்தின் அனுபவ அடிப்படை. இக்கொள்கைபற்றிய வாதப் போர் எழுவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, 396ஐ ஒட்டிச் சிம்பிளிசியான் என்பவருக்கு எழுதிய விடைகளில், ஜென்ம பாவத்துக்குரிய லத்தீன் சொற்றொடரை அவர் ஆண்டுவிட்டார்.

மறுபக்கம் நின்றவர் பிரித்தானியத் தீவிலிருந்து ரோமாபுரி வந்து, தூய வாழ்க்கையால் மதிக்கப்பெற்ற தவசி பெலாஜியுஸ். 410இல் ரோம் கொள்ளையிடப்பட்டபோது ஆப்பிரிக்கா வந்த கூட்டத்தில் அவரும் அவர் மாணாக்கர் செலஸ்தியுஸும் இருந்தனர். ஆதாமின் பாவம் அவனையன்றி மனுக்குலத்தைக் கெடுக்கவில்லை என்றும், பிறந்த சிசுக்கள் வீழ்ச்சிக்கு முந்திய ஆதாமின் நிலையிலேயே உள்ளனர் என்றும் கற்பித்ததாகச் செலஸ்தியுஸ் கார்த்தேஜில் குற்றஞ்சாட்டப்பட்டபோது, பாவம் வழிவழி இறங்குவது இன்னும் முடிவுபெறாத விவாதப் பொருளே என்று வாதாடிய அவர், சிசுக்களுக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்பதை மாத்திரம் மறுக்கவில்லை. அங்கேதான் அவர் கால் இடறிற்று. பாவமன்னிப்புக்கான ஞானஸ்நானம் ஒன்றே என்று திருச்சபை அறிக்கையிடுகிறது; அதையே சிசுவுக்கும் தருகிறது; தீய ஆவியை ஊதியும் துரத்துகிறது. சிசுவிடம் எதுவும் இல்லையானால் இந்தச் சடங்கு பொய் நாடகம் ஆகாதா என்று அகுஸ்தீனார் மீண்டும் மீண்டும் கேட்டார்.

வழக்கின் போக்கை விரிக்க வேண்டுவதில்லை. 415இல் பாலஸ்தீனத்துத் தியோஸ்போலிஸ் சங்கம் பெலாஜியுஸை விடுவித்தது. 417இல் பாப்பரசர் முதலாம் இன்னொசெந்து கண்டித்தார். அவர்பின் வந்த சோசிமுஸ் தயங்கினார். 418இல் ஹொனோரியுஸ் சக்கரவர்த்தியின் ஆணையும் கார்த்தேஜ் சங்கத்தின் தீர்மானங்களும் வர, சோசிமுஸும் இணங்கினார். அக்கண்டனத்திற் கையொப்பமிட மறுத்த பதினெட்டு இத்தாலிய மேற்றிராணிமாருள் எக்ளானும் நகரத்து யூலியன் அகுஸ்தீனாரோடு அவர் மரணபரியந்தம் எழுத்தில் மல்லுக்கு நின்றார். 430இல் அகுஸ்தீனார் கண் மூடியபோது யூலியனுக்கு எழுதிய மறுப்பு முற்றுப்பெறாமல் கிடந்தது. சக்கரவர்த்தியின் ஆணை வெற்றிக்குத் துணைநின்றதை மறைப்பது நேர்மையாகாது. ஆணையினால் மட்டும் ஒரு கொள்கை பதினாறு நூற்றாண்டு உயிரோடிருக்கும் என்பதும் நம்பத்தக்கதன்று.

5. ஒரு கிரேக்கச் சொற்றொடர்

ரோமர் நிருபம் ஐந்தாம் அதிகாரம் பன்னிரண்டாம் வசனத்தில், ‘எஃப் ஹோ’ என்னும் ஒரு சிறு கிரேக்கச் சொற்றொடர் வருகிறது. எல்லாரும் பாவம் செய்ததனால் மரணம் எல்லார்க்கும் வந்தது என்று அதைக் காரணப் பொருளிற் கொள்வதே இன்று பெரும்பான்மையோர் கருத்து. நம் பழைய தமிழ் வேதாகமமும் காரணப் பொருளையே கொண்டுள்ளது. அகுஸ்தீனார் கையிலிருந்த லத்தீன் மொழிபெயர்ப்போ ‘அவனில்’ எல்லாரும் பாவம் செய்தார்கள் என்று பொருள்படும்படி அமைந்திருந்தது. அவன் என்பது ஆதாம் என்றும், இனிப் பிறக்கவேண்டிய எல்லாரும் வித்திலே விருட்சம்போல் அவனுள் அடங்கியிருந்து அவனோடு பாவம் செய்தனர் என்றும் அவர் கொண்டார்.

கிறிஸ்தவ உலகின் ஒரு பாதியைப் பதினாறு நூற்றாண்டு ஆண்ட கொள்கை வெறும் மொழிபெயர்ப்புப் பிழையிற் பிறந்தது என்று சொல்லிவிடுவோர் உளர். இவ்வுரை கவர்ச்சியானது, ஆயினும் மூன்று காரணங்களால் முழுமையாக ஏற்கத்தக்கதன்று. முதலாவது, காரணப் பொருள் அகுஸ்தீனாருக்குத் தெரியாததன்று. யூலியன் அதையே எடுத்துக்காட்ட, அவர் அறிந்தே மறுத்தார். இரண்டாவது, அவ்வசனத்தை அகற்றினாலும், ஒருவனுடைய கீழ்ப்படியாமையால் அநேகர் பாவிகளாக்கப்பட்டதைக் கூறும் பத்தொன்பதாம் வசனம் எஞ்சி நிற்கிறது. மூன்றாவது, சிப்பிரியனும் ஓரிகனும் இக்கருத்தை நோக்கி நடந்தபோது அவர்களை நடத்தியது அந்தச் சொற்றொடரன்று, சிசுவின்மேல் ஊற்றப்பட்ட நீரே. மொழிபெயர்ப்பு கொள்கைக்கு உருவம் தந்தது. உயிர் வேறிடத்திலிருந்து வந்தது.

6. எது கடுமையான போதனை?

பெலாஜியுஸ் மனித சுபாவத்தை உயர்த்தினார், அகுஸ்தீனார் தாழ்த்தினார். ஆகவே முன்னவர் கருணையுள்ளவர், பின்னவர் கொடியவர் என்பது எளிதில் தோன்றும் முடிவு. 413ஐ ஒட்டி, ரோமாபுரியின் பெருங்குடிகளுள் ஒன்றிற் பிறந்து கன்னிமை விரதம் பூண்ட தெமெத்திரியாஸ் என்னும் இளம்பெண்ணுக்குப் பெலாஜியுஸ் எழுதிய நிருபத்தைப் படிப்போர் இம்முடிவை மறுபடி எண்ணிப் பார்ப்பார்கள். இயலாததைக் கடவுள் கட்டளையிடமாட்டார். ஆகவே கட்டளையிட்டதெல்லாம் உன்னால் இயலும். பரிபூரணம் உன் கையில் இருக்கிறது என்பது அந்நிருபத்தின் சாரம். இயலும் என்னும் சொல் வலியோனுக்கு ஊக்கம். மெலியோனுக்கோ அதுவே குற்றப் பத்திரிகை. இயலுமாயின், செய்யாதவனுக்குச் சமாதானம் ஏது? பெலாஜியுஸ் விரும்பியது தவசிகள் நிறைந்த சபை. அகுஸ்தீனார் மேய்த்ததோ, குடியையும் கோபத்தையும் விடமுடியாமல் விழுந்தெழும் துறைமுக நகரத்து ஜனங்களை. இருண்டதாகத் தோன்றும் அவர் போதனையில், நொண்டி நடப்பவனுக்கும் இடமிருந்தது.

இதனால் அப்போதனை விளைத்த தீங்கு இல்லையென்றாகாது. ஞானஸ்நானமின்றி இறக்கும் சிசுக்கள், இலேசானதாயினும், தண்டனைக்குரியோரே என்று தம் தர்க்கத்தின் கடைசிப் படிவரை அவர் இறங்கினார். ஜென்ம பாவம் இறங்கும் வழியைத் தேகச் சேர்க்கையின் இச்சையோடு பிணைத்ததால், இல்லறத்தின்மேல் ஒரு கறை படிந்தது. ஏவாளின் பெயரால் பெண்குலத்தின்மீது சுமத்தப்பட்ட பழி அவருக்கு முன்பே தெர்த்துல்லியன் போன்றோரால் தொடங்கப்பட்டதெனினும், இக்கொள்கை அதற்குப் புதிய பலம் தந்தது. தீமையை இயற்கையிலேயே வைப்பதால் இது மாறுவேடம் பூண்ட மானிக்கேயமே என்று யூலியன் கூறியது பகைவனின் வசை மட்டுமன்று, விடைவேண்டிய ஆட்சேபம். அகுஸ்தீனார் தந்த விடை: தீமைக்கு ஒரு தொடக்கம் உண்டு, தொடக்கமுள்ளது சிருஷ்டியின் இயல்பாகாது, நல்லதாய்ப் படைக்கப்பட்ட இயற்கை ஊறுபட்டதேயன்றி ஊறாகவே பிறந்ததன்று.

7. பிற்காலத்துக் கிளைகள்

லூத்தர் வழியினரின் 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கை, எல்லா மனிதரும் தேவபயமும் தேவநம்பிக்கையும் இன்றித் துர்இச்சையோடு பிறக்கிறார்கள் என்றும், அந்நிலையே மெய்யான பாவம் என்றும் கூறிற்று. 1546இல் திரெந்து சங்கம், ஆதாமின் பாவம் அவனைப் பார்த்துப் பழகுவதால் அன்றி ஜனனத்தாலேயே இறங்குகிறது என்பதை உறுதிசெய்து, ஞானஸ்நானத்துக்குப்பின் எஞ்சும் இச்சை பாவமன்று என்று லூத்தரோடு வேறுபட்டது. சிசு ஞானஸ்நானத்தைத் தள்ளிய அனபாப்தியரிடம் சிசுவின் குற்றப்பழியும் தளர்ந்தது எம் கருத்துக்கு அரண். எனினும், சிசுக்களுக்கு ஞானஸ்நானம் தராத பாப்திஸ்துகளுட் பலர் ஜென்ம பாவத்தை உறுதியாகப் பற்றினர் என்பதும் மெய். கொள்கையைப் பெற்ற தாய் சடங்கேயாயினும், பிற்காலத்தில் அது தனிக்குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டது என்றே கொள்ளவேண்டும்.

கத்தோலிக்கத் திருச்சபை 1854இல் பிரகடனஞ்செய்த அமலோற்பவக் கொள்கை இதற்கு நுட்பமானதோர் எடுத்துக்காட்டு. மரியம்மாள் ஜென்ம பாவமின்றி உற்பவித்தாள் என்னும்போது, அது கிறிஸ்துவின் புண்ணிய பலன் முன்கூட்டியே அவளுக்கு அளிக்கப்பட்டதால் நிகழ்ந்தது என்றே பிரகடனம் கூறுகிறது. விலக்கப்பெற்றவளும் கிருபையாலேயே விலக்கப்பெற்றாள். காலத்தாற் பிந்தியது காலத்தால் முந்தியதை ஆண்டது. பின்னோக்கிப் படிக்கும் முறைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சென்ற நூற்றாண்டில் பரிணாம சாஸ்திரம் ஆதாமைத் தனியொருவனாகக் கொள்வதைக் கடினமாக்கியபோதும், இரு மகாயுத்தங்கள் மனித முன்னேற்றம் என்னும் நம்பிக்கையைச் சிதைத்தபோது, ரைன்ஹோல்ட் நீபூர் போன்றோர் 1941, 1943ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட நூல்களில் இக்கொள்கைக்கு மறுவாழ்வு கொடுத்தனர். 2007இல் வத்திக்கானின் சர்வதேச இறையியல் குழு, ஞானஸ்நானமின்றி இறந்த சிசுக்களின் இரட்சிப்பை நம்புவதற்குத் தக்க காரணங்கள் உண்டு என்று கூறியபோது, அகுஸ்தீனார் இறங்கிய கடைசிப் படியிலிருந்து திருச்சபை ஏறி வந்தது, படிக்கட்டை இடித்துவிடவில்லை.

8. ஜென்மமும் மலமும்

தமிழிலே இச்சித்தாந்தம் தரித்த பெயர்களும் சிந்திக்கத்தக்கன. பழைய ஞானோபதேசங்கள் பிறப்போடு வருவதை ஜென்ம பாவம் என்றும், தானே செய்வதைக் கர்ம பாவம் என்றும் பகுத்தன. ஜென்மம் என்ற மாத்திரத்தில் போன ஜென்மத்துப் பாவம் என்று நினைப்பது நம் வழக்கு. ஆனால் கொள்கையின் கருத்து அதற்கு நேர்மாறு: முற்பிறவி இல்லை, தான் செய்த வினையும் அன்று, பிறந்த குலம் பட்ட காயம். கன்மக் கொள்கையில் விளைவு செய்தவனையே சேர்வதால் நீதி விளங்குகிறது, மனிதர்க்குள் ஒருமை விளங்குவதில்லை. ஜென்ம பாவக் கொள்கையில் மனுக்குலத்தின் ஒருமை விளங்குகிறது, நீதி கேள்விக்குள்ளாகிறது.

உண்மையில் இதற்கு அண்மையில் நிற்பது கன்மமன்று, செம்பிற் களிம்புபோல் உயிரைப் பற்றியிருப்பதாகச் சைவ சித்தாந்தம் கூறும் ஆணவ மலம். முயற்சியால் மட்டும் நீங்காமல் அருளால் அடங்குவது என்ற அளவில் இரண்டும் ஒக்கும். மலமின்றி உற்பவித்தல் என்னும் பொருளிலே அமலோற்பவம் என்று நம் கத்தோலிக்க முன்னோர் பெயர் வைத்தபோது, சைவர் ஆளும் அதே சொல்லைத்தான் எடுத்தாண்டனர். ஆயினும் ஆணவம் அநாதி. ஆதாமின் பாவத்துக்கோ ஆதி உண்டு. அந்தத் தொடக்கத்தை விட்டுக்கொடுத்தால், தீமை கடவுளின் படைப்பிலோ படைப்புக்கு அப்பாலோ நிலைத்ததாகிவிடும். அதற்கு இணங்காமையே அகுஸ்தீனாரை மானிக்கேயரிடமிருந்து பிரித்தது.

9. முடிபு

ஜென்ம பாவம் கிறிஸ்தவ விசுவாசத்தின் அஸ்திவாரக் கல் என்பது மிகை. அது இல்லாமலே இரேனேயுஸும், அதன் குற்றப்பழிப் பகுதி இல்லாமலே கிழக்குத் திருச்சபைகளும் கிறிஸ்துவை விசுவசித்தன. அது பிற்காலத்தார் ஒட்டிய பூச்சு என்பதும் குறை. எல்லார்க்கும் ஒரே இரட்சகர், எல்லார்க்கும் ஒரே ஞானஸ்நானம், எல்லார்க்கும் விலையின்றி வரும் கிருபை என்னும் மூன்றையும் ஏற்றவர்கள், பெற்றவரும் பெறத் தேவையில்லாதவரும் என்று மனுக்குலத்தை இரண்டாக்க மனமின்றி, எல்லாருக்கும் பொதுவான தேவை யாது என்று தேடிச் சென்றதன் விளைவே இது. தேடல் சில இடங்களில் தவறியது. சிசுக்களின் நரகம் அத்தவறுகளுட் பெரியது. ஆனால் தேடத் தூண்டியது மனிதனை இழிவுபடுத்தும் ஆசையன்று.

ஹிப்போவில் முகத்தில் ஊதப்பட்டு அழுத குழந்தையைக் கையில் ஏந்தியிருந்தவர்கள் அதைக் குற்றவாளியாகக் கண்டிருக்க மாட்டார்கள். தாங்கள் பெற்ற நன்மையில் அதற்கும் பங்கு வேண்டும் என்றே கொண்டுவந்தார்கள். பங்கு வேண்டுமாயின் தேவையும் வேண்டும் என்ற வாதம் பின்னால் வந்தது. அந்தக் கைகளை மறந்து வாதத்தை மட்டும் படித்த நூற்றாண்டுகளில்தான் இச்சித்தாந்தம் கொடிதாயிற்று.